மூச்சுவிடாத டாங்கியும் 'ஒரிஜினல்' மோகமும்

பழைய பெட்ரோல் ஜீப் ஒன்று கிளம்பும்போது நன்றாக ஓடி, இருபது நிமிடம் கழித்து ஏற்றத்தில் திணறி நின்றுவிடுமானால், பழி முதலில் கார்புரேட்டர் மீதே விழுகிறது. அதைக் கழற்றிக் கழுவி மாட்டுவதற்குள் எஞ்ஜின் குளிர்ந்து, வண்டி மீண்டும் ஓடுகிறது. கழுவியதே மருந்து என்று முடிவாகிறது. மறுநாள் அதே இடத்தில் அதே நோய். அதியன்னூரிலிருந்து பாறசாலை வரை நெடுஞ்சாலையோரம் பரவியிருக்கும் சிறு பட்டறைகளில் 'ஆசான்' என்று அழைக்கப்படும் மூத்த மெக்கானிக்குகள் இத்தகைய வண்டியில் முதலில் கைவைக்கும் இடம் வேறு: டாங்கியின் மூடி. திணறும் வேளையில் மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று காற்று உள்ளே பாயும், எஞ்ஜின் உயிர்பெறும். நோய் தெரிந்துவிட்டது.

இதன் இயற்பியல் பள்ளிப் பாடம்தான். டாங்கியிலிருந்து ஒரு லிட்டர் பெட்ரோல் வெளியேறினால் அவ்விடத்தை நிரப்ப ஒரு லிட்டர் காற்று உள்ளே வந்தாக வேண்டும். அந்தக் காலத்து ஜீப்பில் அதற்கான வழி பெரும்பாலும் மூடியிலுள்ள சிறு துளையோ அடைப்பிதழோதான். தூசியும் துருவும் அதை அடைத்தாலும், காணாமற்போன மூடிக்குப் பதிலாகத் துளையற்ற வேறொரு வண்டியின் மூடி பொருத்தப்பட்டாலும், டாங்கிக்குள் வெற்றிடம் வளர்கிறது. கேம் தண்டால் இயங்கும் டயாஃப்ரம் பம்ப் மிக மெல்லிய உறிஞ்சுவிசை உடையது. அது அந்த வெற்றிடத்தோடு மல்லுக்கட்டித் தோற்கிறது.

உறிஞ்சும் பக்கத்துக்கு இன்னொரு வஞ்சகக் குணம் உண்டு. டாங்கிக்கும் பம்புக்கும் இடைப்பட்ட குழாயில் மயிரிழை வெடிப்பு இருந்தால் எரிபொருள் வெளியே சொட்டுவதற்குப் பதில் காற்று உள்ளே நுழையலாம். நனைந்த இடத்தைத் தேடுபவர் எதையும் காணமாட்டார். தனிக் கேன் ஒன்றிலிருந்து பம்புக்குத் தற்காலிகமாக எரிபொருள் கொடுத்துப் பார்த்து, குறை பம்புக்கு முன்னாலா பின்னாலா என்று பிரித்தறிவதே பட்டறையின் முறை. கருதுகோள் அமைத்தல், மாறிகளைத் தனிமைப்படுத்தல் என்று ஆய்வு நெறிமுறை வகுப்புகளில் சொல்லப்படுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்பதை அவ்வகுப்புகளை நடத்துவோர்தாம் விளக்க வேண்டும்.

ஆனால் இக்கைத்திறனின் காலடியில் நிலம் நகர்ந்துவிட்டது. பெட்ரோலில் 10 விழுக்காடு எத்தனால் கலக்கும் இலக்கை இந்தியா 2022இல் எட்டியது. 2025இல் 20 விழுக்காடு. எத்தனால் சிறந்த கரைப்பான். பல பத்தாண்டுகளாக டாங்கியின் சுவரில் படிந்த பிசினை இளக்கி ஃபில்ட்டருக்கும் கார்புரேட்டருக்கும் அனுப்புகிறது. நீரை ஈர்க்கிறது, நெய்யாற்றங்கரையின் மழைக்கால ஈரத்தில், பாதி நிரம்பிய டாங்கியோடு வாரக்கணக்கில் நிற்கும் வண்டியில், அந்நீர் அளவு மீறும்போது எத்தனாலையும் இழுத்துக்கொண்டு அடியில் தனியாகப் பிரிந்து நிற்கிறது. பெட்ரோல் உறிஞ்சப்படுவதும் அந்த அடியிலிருந்துதான்.

ரப்பரின் கதை இன்னும் நுட்பமானது. சுற்றிலும் ரப்பர் தோட்டங்கள் நிறைந்த இந்நாட்டின் இயற்கை ரப்பர் பெட்ரோல் குழாய்க்கு உதவாது. பெட்ரோலில் ஊறி உப்பிவிடும். அதனால்தான் நைட்ரைல் என்னும் செயற்கை ரப்பர் வந்தது. அது வெறும் பெட்ரோலைத் தாங்கும் அளவுக்கு எத்தனால் கலவையைத் தாங்குவதில்லை. விட்டான் என்ற பெயரில் அறியப்படும் ஃபுளோரின் ரப்பர் தாங்குகிறது, விலைதான் அதிகம்.

இங்கேதான் 'ஒரிஜினல்' என்ற சொல் கெடுதல் செய்கிறது. 2021இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகள் ஐம்பது ஆண்டு கடந்து மூல வடிவிலேயே பேணப்படும் வண்டிகளுக்கு 'விஏ' என்ற தனிப் பதிவு வரிசையை அளிக்கின்றன. சேசிஸ், உடற்கூடு, எஞ்ஜின் ஆகியவற்றில் பெருமாற்றம் கூடாது என்பதே நிபந்தனை. (டீசல் எஞ்ஜின் பொருத்தப்பட்டு மலைப்பாதைகளில் உழைத்த எத்தனையோ ஜீப்புகள் இந்நிபந்தனையாலேயே வரலாற்றுக்கு வெளியே தள்ளப்படுகின்றன, அது தனியே பேச வேண்டிய அநீதி.) குழாயையும் டயாஃப்ரத்தையும் காலத்துக்கேற்ற பொருளால் மாற்றுவதை விதி அங்குத் தடுக்கவில்லை. தடுப்பது சேகரிப்பாளரின் மோகம். உறை பிரிக்கப்படாத, நாற்பது ஆண்டுப் பழமையான டயாஃப்ரம் ஒன்றுக்கு அவர் பெரும் விலை கொடுக்கிறார். உறைக்குள் இருந்தாலும் ரப்பருக்கு வயதாகும்; அதன்மேல் அது சந்தித்தே இராத எரிபொருள் பாய்கிறது. டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் எண்ணெய்த்தொட்டிக்குள் இறங்கி மசகெண்ணெயை நீர்க்கச்செய்து எஞ்ஜினையே தின்றுவிடலாம். மூலத் துணுக்கைக் காக்கப்போய் மூலத்தை இழப்பது இது.

தமிழ் படித்தவர்களுக்கு இச்சிக்கல் புதிதன்று. ஓலை சில நூற்றாண்டுகளுக்கு மேல் நிற்பதில்லை. சங்க நூல்கள் இன்று கைக்குக் கிடைப்பது, ஓலை சிதைவதற்குள் புதிய ஓலையில் பெயர்த்தெழுதியவர்களால். பழைய ஓலையை மட்டும் பூசித்தவர்களால் அன்று. ஜீப்பின் பாடம் அதன் அமைப்பு: டாங்கி எங்கே இருக்கிறது, காற்று எவ்வழி நுழைகிறது, பம்ப் எதனால் இயங்குகிறது என்பவை. ரப்பர் அப்பாடம் எழுதப்பட்ட ஓலை.

மறுதரப்பு வாதம் ஒன்று வலுவானது. மாற்றம் என்று கதவைத் திறந்துவிட்டால், டாங்கியை ஒதுக்கிவிட்டுப் பிளாஸ்டிக் கேனை எஞ்ஜினருகே கட்டித் தொங்கவிடும் குறுக்குவழியும் உள்ளே நுழையும். உண்மை. போர்க்கால வில்லிஸ் எம்பியில் டாங்கி ஓட்டுநர் இருக்கைக்கு அடியிலேயே இருக்கிறது. இருக்கையைத் தூக்கித்தான் பெட்ரோல் ஊற்ற வேண்டும். அத்தகைய வண்டியில் காற்றுவழியைக் கண்டபடி துளையிடுபவர் ஆவியை மனிதனின் காலடியில் திறந்துவிடுகிறார். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தாழ்ந்த இடத்தில் தேங்கி ஒரு தீப்பொறிக்குக் காத்திருக்கும். எனவே தேவைப்படுவது அளவுகோல். என்ன மாற்றலாம், எப்பொருளால் மாற்றலாம், காற்றுவழி எங்கே முடியவேண்டும் என்ற எழுத்துவடிவக் குறிப்பு தமிழிலும் மலையாளத்திலும் வேண்டும். எல்லைப் பட்டறைகளில் இரு மொழியும் புழங்குகின்றன. விளவங்கோட்டு வண்டி நெய்யாற்றங்கரைப் பதிவுக்கு மாறத் தடையின்மைச் சான்று கேட்கப்படுகிறது, பட்டறை அறிவுக்கு யாரும் அதைக் கேட்பதில்லை.

அக்குறிப்பை எழுதவேண்டியவர்கள் பொறியியல் துறையினரும் நாட்டார் வழக்காற்றியல் துறையினரும் சேர்ந்து. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 நெறி நடைமுறைக்கு வந்தபின் புதிய இருசக்கர வண்டிகளிலிருந்தும் கார்புரேட்டர் ஏறத்தாழ மறைந்துவிட்டது. இன்று தொழில் கற்கவரும் இளைஞருக்கு அதைத் தொட வாய்ப்பே அருகிவருகிறது. முதலில் பதிவுசெய்யவேண்டியது டாங்கியை ஒட்டும் முறை. காலி டாங்கி நிறைந்த டாங்கியைவிட ஆபத்தானது, ஏனெனில் உள்ளே மிஞ்சியிருப்பது ஆவியும் காற்றும் கலந்த கலவை. ஈயப்பற்றோ வெல்டிங்கோ வைக்குமுன் அதைக் கழுவி ஆவியை முற்றும் வெளியேற்றும் வரிசையைத் தவறின்றிச் செய்யும் ஆசான்கள் இருக்கிறார்கள். அவ்வரிசை எந்தப் பாடநூலைப் பார்த்தும் அவர்கள் கற்றதன்று. பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றது. பக்கத்தில் நிற்க இப்போது ஆள் குறைவு.