போத்தனூர் பக்கத்து ஸ்டேஷன் அல்ல

காந்திபுரத்தில் போத்தனூர் என்று சொல்லிப் பாருங்கள். "ஓ, அந்தப் பக்கத்து ஸ்டேஷனா?" என்பார்கள். எது எதற்குப் பக்கம் என்று கொஞ்சம் கணக்குப் பார்ப்போமுங்க.

சென்னையையும் மேற்குக் கடற்கரையையும் இணைத்த ரயில் பாதை 1862-லேயே போத்தனூரைத் தொட்டுவிட்டது. கோயமுத்தூர் ஊருக்குள் அது வரவில்லை. 1873-ல் போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குக் கிளைப் பாதை போட்டார்கள். அந்தக் கிளையில்தான் நம் கோயமுத்தூர் ஸ்டேஷன் வந்தது. ஆக, மூத்தது போத்தனூர், இளையது கோயமுத்தூர்.

இப்போது அம்ரித் பாரத் திட்டத்தில் போத்தனூரும் சேர்ந்திருக்கிறது. சந்தோஷம். லிப்ட் வேண்டும், நல்ல கழிப்பறை வேண்டும். முழங்கால் வலியோடு படியேறும் நம் வயதுக்காரர்களுக்கு இது தெரியாதா? ஆனால் முகப்பு வளைவும் வண்ண விளக்கும் மட்டும் போதும் என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த ஸ்டேஷன் சொல்ல வேண்டிய கதை ஒன்று இருக்கிறது.

1921 நவம்பர். மலபார்க் கிளர்ச்சியில் பிடிபட்ட சுமார் 100 பேரைத் திரூரில் ஒரே சரக்கு வேகனில் அடைத்து, பெல்லாரி சிறைக்கு அனுப்பினார்கள். காற்றுப் புகாத வேகன். போத்தனூரில் கதவைத் திறந்தபோது உள்ளே பிணங்கள். எழுபது பேர் வரை மூச்சுத் திணறிச் செத்தார்கள். திரூரில் அவர்கள் பெயரால் நகராட்சி மண்டபமே இருக்கிறது.

"பயணம் போகிற இடத்தில் சாவுக் கதை எதற்கு?" என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். "செத்தவர்கள் மலபார்க்காரர்கள்தானே" என்றார் இன்னொருவர். அந்த வேகன் வந்து நின்றது நம் மண்ணில், ஐயா. தண்ணீர் தண்ணீர் என்று கதறியவர்களுக்கு ஊர், பாஷை பார்ப்பது நம் கொங்கு நாட்டுப் பண்பா? வண்டிக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் கைப்பேசியிலிருந்து நிமிர்ந்து இரண்டு நிமிஷம் படித்தால் என்ன குறைந்துவிடும்?

நான் கேட்பது பெரிய செலவு இல்லை. 1862, 1873, 1921 ஆகிய மூன்று வருஷங்களையும் சொல்லும் ஒரு கல்வெட்டு. தமிழிலும் மலையாளத்திலும், நடைமேடையில், எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில். பழைய கட்டடத்தில் மிச்சமிருப்பதை இடிக்காமல் வைத்தால் இன்னும் நல்லது.

ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் நம்மில் பலர். ஆளுக்கொரு கடிதம் கோட்ட அலுவலகத்துக்குப் போடுங்கள். பெயின்ட் அஞ்சு வருஷத்தில் உரிந்துவிடும். கல்லில் வெட்டினால் பேரன் காலத்திலும் நிற்கும்.