கூலர் பெட்டியில் அச்சடித்த வாட்டை நம்பாதீர்கள்

குட்டி கேஸில் கணினி கட்டப்போகிறேன் என்று சொன்னதும் எல்லோரும் ஒரே கணக்கைத்தான் ஒப்பிக்கிறார்கள்: பிராசசர் எத்தனை வாட் என்று பார், அதைவிடக் கூடுதல் வாட் தாங்கும் கூலர்களில், கேஸுக்குள் அடங்குகிற உயரமானதை வாங்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

முதலில் பிராசசரின் வாட். இன்டெல் ஐ5-12400, ஐ7-12700 இரண்டுக்குமே அடிப்படை 65 வாட்தான். அப்படியானால் இரண்டுக்கும் ஒரே கூலர் போதுமே! ஆனால் டர்போவில் முன்னது 117 வாட் வரையும் பின்னது 180 வாட் வரையும் போகும் என்று இன்டெலே குறிப்பிடுகிறது. போதாததற்கு, பல மதர்போர்டுகள் இந்த வரம்பைத் தளர்த்திய பயாஸுடனேயே வருகின்றன. ஏஎம்டியின் 65 வாட் ரைசன்களும் 88 வரை இழுக்கும்.

கூலரின் வாட் இன்னும் மோசம். எந்த அறைச் சூட்டில், ஃபேன் எந்த வேகத்தில் ஓடும்போது எடுத்த எண் அது? எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. நாக்டுவா வாட் கணக்கைக் கைவிட்டு, தன் கூலர்களை ஒப்பிடத் தனி மதிப்பெண் முறையே வைத்திருக்கிறது. ஏசி அறையில் எடுத்த எண் சித்திரை மாத மதுரையில் செல்லாது.

உயரத்துக்கு வருவோம். டான் ஏ4-எஸ்எஃப்எக்ஸ் கேஸில் கூலருக்கு 48 மி.மீ. இடம் உண்டு. தெர்மல்ரைட் ஏஎக்ஸ்பி90-எக்ஸ்47 சரியாக 47 மி.மீ.; நாக்டுவா என்எச்-எல்9ஐ 37 மி.மீ. இங்கே உயரமானதே மேல்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்குக் காரணம், அந்த கேஸின் பக்கத் தகடு முழுக்கத் துளைகள். ஃபேன் துளைகளை ஒட்டி இருப்பதால் வெளிக்காற்றை நேராக இழுக்கிறது. கொஞ்சம் இரைச்சல் கூடும், அவ்வளவுதான். குள்ளமான எல்9ஐ போட்டாலோ, 11 மி.மீ. இடைவெளியில், தான் தள்ளிய சூடான காற்றையே ஃபேன் திரும்ப இழுத்துக்கொள்ளும். அந்த இடைவெளியைச் சுற்றி ஃபோம் வளையம் வைத்து அடைத்தால் பெரும்பாலும் தீரும். எக்ஸ்47 விடும் அதே 1 மி.மீ. இடைவெளி, துளையில்லாத தகட்டுக்கு அடியில் என்றால்? ஃபேனுக்கு மூச்சே முட்டும். அங்கே குள்ளமானதுதான் ஜெயிக்கும். ஸ்கேலை எடுப்பதற்கு முன் தகட்டைப் பாருங்கள். ரேமில் உயரமான அலங்காரத் தகடு இருந்தால், கூலர் அதில் இடிக்குமா என்பதையும்.

கடைசியாகச் சூடு. 90 டிகிரியைத் தொட்டால் சிப் செத்துவிடும் என்பது வெறும் பயம். ரைசன் 7000 எக்ஸ் ரகங்கள் 95 டிகிரியில் ஓடவே வடிவமைக்கப்பட்டவை என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. எல்லை வந்தால் சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

ஆகவே தட்டையான கூலர்தான் வேண்டும் என்பவர்கள் கூலரின் வாட்டை விட்டுவிட்டு பிராசசரின் வாட்டைப் பிடியுங்கள். பயாஸில் இன்டெலுக்கு நீண்டநேர வரம்பை 65க்கு இறக்குங்கள். ரைசனில் அதற்கு ஈகோ மோடு இருக்கிறது. வாட் குறைகிற அளவுக்கு வேகம் குறையாது. மணிக்கணக்கில் வீடியோ ரெண்டர் ஓட்டுபவர்கள் மட்டும் பெரிய கேஸே வாங்கிக்கொள்ளுங்கள்.