சிறு சரக்கும் வணிகர் நாணயமும்



வரி, உரிமம், தராசு முத்திரை என்று பெரிய விஷயங்களையே நாம் எப்போதும் பேசி வருகிறோம். இம்முறை ஒரு ரூபாய்க் காசின் அகலமே உள்ள ஒரு சரக்கைப் பற்றி எழுத விரும்புகிறோம். தையல் மிஷினில் அடி நூலைத் தாங்கி நிற்கும் பாபின் கேஸ்தான் அது.

ஆண்டிபட்டியிலிருந்து கூடலூர் வரை தையல் மிஷின் சத்தம் கேட்காத தெரு அரிது. ஜூன் மாதத்தில் பள்ளிச் சீருடை, சித்திரையில் வீரபாண்டித் திருவிழா, பிறகு தீபாவளி, பொங்கல் என்று வேலை வரும்போது ஒரேயடியாக வரும். தைப்பவர்களில் பலர் வீட்டிலேயே மிஷின் போட்டுக் குடும்பம் நடத்தும் பெண்கள். அந்த நேரத்தில் அடி நூல் அறுந்துகொண்டே இருந்தால் அன்றைய கூலி போச்சு. மிஷினைத் திட்டுவார்கள், நூலைத் திட்டுவார்கள். குற்றம் பெரும்பாலும் நாம் விற்ற பாபின் கேஸில் இருக்கும்.

ஏன் என்று பார்ப்போம். ஊசி மேல் நூலைத் துணிக்கு அடியில் இறக்குகிறது. ஷட்டிலின் கொக்கு அந்த நூலை வளையமாகப் பிடித்து, பாபின் கேஸைச் சுற்றிக் கொண்டுபோகிறது. இரண்டு நூலும் துணியின் நடுவில் ஒன்றையொன்று பூட்டிக்கொள்கின்றன. 1846ல் அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் உரிமை பெற்ற பூட்டுத் தையல் முறை இதுவே. அடி நூலை எவ்வளவு இறுக்கமாக விடுவது என்பதைத் தீர்மானிப்பது கேஸின் மேலுள்ள சின்னஞ்சிறு தகடும் அதைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவும்தான். தகடு தளர்ந்தால் அடி நூல் துணியின் மேல் பக்கம் எட்டிப் பார்க்கும். அளவுக்கு மேல் இறுகினால் துணி சுருங்கும், நூல் அறும்.

நூல் ஓடும் வழி வழுவழுப்பாக இருக்க வேண்டும் என்பது தையலுக்கு மட்டும் உரிய விதி அன்று. சக்கம்பட்டி நெசவாளர் நாடா வாங்கும்போது நூல் வெளிவரும் கண்ணை விரலால் தடவிப் பார்த்துத்தான் வாங்குவார். போடிமெட்டைத் தாண்டி மூணாறு மலையில் வெள்ளையர் காலத்தில் விட்ட டிரவுட் மீன்களைப் பிடிப்பவர்கள், தூண்டில் முள்ளில் இறகை நூலால் சுற்றிப் பூச்சி போல் கட்டுவார்கள். அதற்கும் கையடக்கமான ஒரு நூல்கண்டுத் தாங்கி உண்டு. அதன் குழாய் வாயில் பிசிறு இருந்தால் மெல்லிய நூல் அறுந்துவிடும் என்பதால், பீங்கான் வாய் வைத்ததைத் தேடி வாங்குகிறார்கள். பொழுதுபோக்குக்கே இவ்வளவு கவனம் என்றால், வயிற்றுப் பிழைப்புக்கு வாங்கும் சரக்கில் எவ்வளவு வேண்டும்?

ஆகவே கடைக்காரர்கள் பின்வருமாறு பார்த்து வாங்க வேண்டும், பார்த்து விற்க வேண்டும் என்பது நம் கருத்து.

முதலாவது, எந்த மிஷினுக்கு என்று கேட்க வேண்டும். சாதாரண வீட்டு மிஷினின் பாபின் ஏறத்தாழ 12 மி.மீ. அகலம். பவர் மிஷினின் பாபின் சுமார் 9 மி.மீ. தான். குறுக்களவு ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் கடைப் பையன்கள் மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். பழைய கேஸைக் கொண்டுவரச் சொல்வதே நல்லது.

இரண்டாவது, மெல்லிய வெள்ளை நூலை அதன் வழியில் நாலைந்து முறை இழுத்துப் பார்க்க வேண்டும். நூலில் பஞ்சு கிளம்பினால் உள்ளே பிசிறு இருக்கிறது என்று பொருள்.

மூன்றாவது, தகடு கேஸோடு படிந்து உட்கார வேண்டும். ஸ்க்ரூ பிடித்த இடத்தில் நிற்க வேண்டும். தானாகச் சுழன்று தளரக் கூடாது.

நான்காவது, பாபினைப் போட்டு நூலைப் பிடித்துத் தொங்கவிட வேண்டும். கேஸ் தானாகக் கீழே இறங்கக் கூடாது. கையை லேசாக உதறினால் இரண்டு விரற்கடை இறங்கி நிற்க வேண்டும். எத்தனை உதறினாலும் இறங்காவிட்டால் ஸ்க்ரூவைச் சற்றுத் தளர்த்திப் பார்க்கலாம். அப்போதும் சரிவராவிட்டால் அந்தச் சரக்கு வேண்டாம்.

இதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. "சில்லறைச் சாமானுக்கு இத்தனை சோதனையா, வாடிக்கையாளர் மலிவைத்தானே கேட்கிறார்?" என்று நண்பர்கள் கேட்கலாம். மலிவு கேட்பது அவர் உரிமை. எது மலிவு, எது உழைக்கும் என்று சொல்லிக் கொடுப்பது நம் கடமை. இரண்டு தரமும் வைத்திருங்கள், வித்தியாசத்தைச் சொல்லி விற்றுக்கொள்ளுங்கள். ஒன்றை மற்றொன்றாக விற்பதுதான் தவறு. பாபின் கேஸ் வாங்க வருகிறவர்தான் நூல், பட்டன், ஜிப், லைனிங் துணி எல்லாவற்றுக்கும் வருஷம் முழுவதும் நம் கடைக்கு வருகிறவர். ஆன்லைனில் வாங்கினால் நூலைக் கட்டித் தொங்கவிட்டுக் காட்ட அங்கே ஆள் கிடையாது. நமக்கு மிஞ்சியிருக்கும் பலம் அதுதான்.

பழியைச் சில்லறைக் கடைக்காரர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமாகாது. லூதியானாவிலிருந்து நல்ல சரக்கும் வருகிறது, பெயரில்லாத சரக்கும் வருகிறது. குரோஸ் கணக்கில் எடுக்கும்போது விலையை மட்டும் பார்ப்பது மொத்த வியாபாரிகளாகிய நம்மில் பலரின் வழக்கம். ஒருமுறை எங்களுக்கு வந்த பெட்டியில் பாதிக்கு மேல் தகடு படியவில்லை. அனுப்பிய வெளியூர் வியாபாரி திரும்ப எடுக்க மறுத்துவிட்டார். நஷ்டம் எங்களோடு நின்றது. அதைக் கீழே தள்ளிவிட்டிருந்தால் கம்பத்திலோ சின்னமனூரிலோ ஒரு தையல்காரம்மா தலையில் அல்லவா விழுந்திருக்கும்?

எனவே சங்கத்துக்கு ஒரு யோசனை. தொங்கவிட்டுப் பார்த்து நிற்காத கேஸைப் பதினைந்து நாளுக்குள் சில்லறைக் கடைக்காரர் கொண்டுவந்தால், மொத்த வியாபாரி மறுபேச்சின்றி மாற்றித் தர வேண்டும் என்று நாமே ஒரு கட்டுப்பாடு வகுத்துக்கொள்வோம். செலவு சொற்பம், கிடைக்கும் நம்பிக்கை பெரிது. அடுத்த கூட்டத்தில் உறுப்பினர்கள் இதைப் பற்றி ஒரு முடிவுக்கு வர வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.