முகாம் வேலிக்குள் நம் பிள்ளைகள்

நம் சமுதாய மேடைகளில் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "நம் இளைஞர்கள் ஏன் இராணுவத்தில் சேருவதில்லை?" என்பதே அது. கேட்பவர்கள் பதிலையும் தாங்களே சொல்லிவிடுவார்கள். சம்பளம் போதாது என்பார்கள். சாப்பாடு ஒத்துவராது என்பார்கள். பதவி உயர்வு கிடைக்காது என்பார்கள். இவற்றில் எது உண்மை, எது வெறும் பேச்சு என்று ஆராய்வது என் நோக்கமன்று. அந்தக் கேள்வியை அடுத்துக் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வியை நாம் கேட்பதே இல்லை என்பதுதான் என் ஆதங்கம். சேர்ந்தவர்களின் பிள்ளைகள் எப்படி வளர்கிறார்கள்?

இதைக் கேட்கும் உரிமை எனக்கு உண்டு. நான் இராணுவ முகாமில் வளர்ந்தவன். என் தந்தை 21 ஆண்டுகள் தரைப்படையில் பணியாற்றி, கோப்ரலாக ஓய்வு பெற்றவர். நான் பிறந்த 2003ஆம் ஆண்டு முதல் 2015 வரை மேற்குக் கரை மாநிலம் ஒன்றின் முகாம் குடியிருப்பில்தான் எங்கள் வீடு. நான்கு மாடி அடுக்ககம் அது. எங்கள் வரிசையில் நாங்கள் ஒரே தமிழ்க் குடும்பம். முகாம் முழுவதையும் எண்ணினால் நான்கோ ஐந்தோ குடும்பங்கள் தேறும்.

முகாம் வாழ்க்கையை நான் குறை சொல்ல வரவில்லை. திடல் உண்டு, மருந்தகம் உண்டு, பாதுகாப்பு உண்டு. நம் ஆயுதப் படையில் படைவீரர்களின் குடும்ப நலனுக்கென்றே பாக்காட் என்னும் அமைப்பு இயங்குகிறது. படைவீரர்களின் மனைவியர் சேர்ந்து நடத்தும் அந்த அமைப்பின் பெயரில் பல முகாம்களில் குழந்தைக் காப்பகமும் பாலர் பள்ளியும் உண்டு. நானும் அத்தகைய பாலர் பள்ளியில் படித்தவன்தான். மலாய்மொழியைத் தடுமாற்றமின்றிப் பேச எனக்குக் கற்றுத் தந்தது அந்த ஓராண்டு. அதற்கு இன்றும் நன்றியுடையேன்.

சிக்கல் ஒன்றாம் ஆண்டில் தொடங்கியது. காலையில் முகாமின் மூன்று டன் லாரி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பக்கத்திலிருந்த தேசியப் பள்ளிக்குப் போகும். என்னைத் தமிழ்ப்பள்ளிக்குத்தான் அனுப்புவது என்பதில் என் பெற்றோர் உறுதியாக இருந்தனர். பள்ளியோ 11 கிலோமீட்டர் தொலைவில். பள்ளி வேன் முகாமுக்குள் வர அனுமதி இல்லை. எனவே விடியற்காலையில் அம்மா என்னை மோட்டாரில் ஏற்றிவந்து வாயிற்காவலில் விட்டுவிட்டுத் தொழிற்சாலைக்குப் போவார். காவல் பணியில் நிற்கும் படைவீரர் மாமாக்களின் பார்வையில் நான் வேனுக்காகக் காத்திருப்பேன். மழை பெய்தால் அவர்களுடைய கூண்டுக்குள் இடம் கொடுப்பார்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் பிற்பகல். பள்ளி முடிந்து இரண்டு மணிக்குத் திரும்பிவிடுவேன். அம்மா வீடு வர ஏழு மணியாகும். காப்பகம் சின்னக் குழந்தைகளுக்கு மட்டும். என் வயது மலாய் நண்பர்களுக்குப் பிற்பகலில் சமய வகுப்பு இருந்தது. அதில் நான் குறை காண ஏதுமில்லை. அவர்கள் பிள்ளைகளுக்கு அவர்கள் வழி செய்துகொண்டார்கள். ஆனால் எனக்கும் இன்னும் இரண்டு மூன்று பேருக்கும் அந்த ஐந்து மணி நேரத்தில் போக்கிடம் இல்லை. கீழ் வீட்டு மாக் சிக் ஒருவர்தான் என்னைத் தம் பிள்ளைகளோடு சேர்த்து வைத்துக்கொண்டார். எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி உண்பதில்லை என்று அறிந்தபின், நான் சாப்பிடும் நாள்களில் அவர் வீட்டு அடுப்பில் அது ஏறியதே இல்லை. மாதக் கடைசியில் அம்மா நீட்டிய பணத்தில் பாதியைத்தான் வாங்கிக்கொள்வார். எனக்குக் கிடைத்த பராமரிப்புத் திட்டம் அந்த ஒரு பெண்மணியின் நல்ல மனம்தான். அப்படியொரு அண்டை வீடு வாய்க்காத பிள்ளைகளின் நிலை என்ன?

2013ஆம் ஆண்டு பிப்ரவரியில் சபா, லகாட் டத்துவில் ஆயுதமேந்திய கும்பல் ஊடுருவியபோது என் தந்தையின் படைப்பிரிவும் அங்கு அனுப்பப்பட்டது. நான் நான்காம் ஆண்டு மாணவன். தொலைக்காட்சியைப் போட அம்மா விடவில்லை. தமிழ்ப்பள்ளியில் என் வகுப்பில் வேறு எவர் தந்தையும் படைவீரர் இல்லை. அப்பா எங்கே என்று ஆசிரியர் கேட்டபோது "வேலைக்குப் போயிருக்கிறார்" என்று மட்டும் சொன்னேன். முகாமில் என்னைப் போன்ற பிள்ளைகள் ஐம்பது பேராவது இருந்திருப்பார்கள். எங்களை ஓரிடத்தில் உட்கார வைத்து, ஒரு பெரியவர் பேசியிருந்தால் போதும். அப்படி எதுவும் நடக்கவில்லை. வீரனை அனுப்புவதற்கு ஆயிரம் ஆயத்தம் செய்கிறோம். அவன் பிள்ளை காத்திருப்பதற்கு என்ன ஆயத்தம் செய்கிறோம்?

உலகில் இதற்கு வழிகாட்டிகள் இல்லாமல் இல்லை. அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். கட்டாயச் சேவை 1973ஆம் ஆண்டில் முடிவுக்கு வந்து விருப்பமுள்ளோரே படையில் சேரத் தொடங்கிய பின், குடும்பத்தோடு வாழும் வீரர்களின் எண்ணிக்கை பெருகியது. 1980களில் அங்குள்ள படைத்தளக் காப்பகங்களின் நிலை மோசமாக இருந்தது. பராமரிப்பாளர்களுக்குச் சம்பளம் குறைவு. எனவே ஆள் நிலைக்கவில்லை. சில இடங்களில் பிள்ளைகள் துன்புறுத்தப்பட்ட செய்திகளும் வெளிவந்தன. அதன் விளைவாக 1989ஆம் ஆண்டில் இராணுவக் குழந்தைப் பராமரிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. பெற்றோரின் வருமானத்திற்கேற்பக் கட்டணம், பராமரிப்பாளர்களுக்குப் பயிற்சியும் அதற்கேற்ற ஊதிய உயர்வும், முன்னறிவிப்பின்றிச் சோதனை ஆகியவை வழக்கத்திற்கு வந்தன. பள்ளி முடிந்த பிள்ளைகளுக்கும் பதின்ம வயதினருக்கும் தளத்துக்குள்ளேயே இளையோர் மையங்கள் நடத்தப்படுகின்றன. 1986 முதல் ஏப்ரல் மாதம் அங்கே படைவீரர் பிள்ளைகளின் மாதம். காத்திருப்போர் பட்டியல் அங்கும் இன்னும் தீரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆயினும், பிள்ளைப் பராமரிப்பு வெறும் சலுகையன்று, படையின் ஆயத்த நிலையைச் சேர்ந்தது என்று அவர்கள் ஒப்புக்கொண்டு 35 ஆண்டுகளுக்கு மேலாகிறது.

அமெரிக்கா வரை போவானேன்? இதே பாடம் நம் வரலாற்றிலேயே இருக்கிறது. முதலாளியின் நிலத்தில் குடும்பத்தோடு தங்கி வேலை செய்வது நம்மவர்க்குப் புதிதன்று. தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போன தாய்மார்கள் பிள்ளைகளை ஆயாக்கொட்டகையில் விட்டுச் சென்றார்கள். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி செல்லும் வயதில் 10 பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. அந்தப் பள்ளிகள் பலவும் கொட்டகைகளாகவே இருந்தன என்பது வேறு கதை. ஆனாலும் நம் தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பாலானவற்றின் வேர் அங்கேதான் இருக்கிறது. உன் நிலத்தில் தங்கி உனக்காக உழைப்பவனின் பிள்ளைக்கு நீ பொறுப்பு என்பதே அதன் அடிப்படை.

அந்த வரலாறே முகாம் பிள்ளைகளுக்கு ஒரு தடையாகவும் அமைந்துவிட்டது. தோட்டம் இருந்த இடங்களில்தான் தமிழ்ப்பள்ளிகள் தோன்றின. ஐந்நூறுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் பெரும்பாலானவை கெடா முதல் ஜொகூர் வரையிலான மேற்குக் கரையில் உள்ளன. கிளந்தானில் ஒன்றே ஒன்று. திரங்கானு, சபா, சரவாக் ஆகிய மாநிலங்களில் ஒன்றுகூட இல்லை. இராணுவமோ தோட்டத்தின் வரைபடத்தைப் பார்த்துப் பணியிட மாற்றம் செய்வதில்லை; செய்யவும் முடியாது.

2015ஆம் ஆண்டு இறுதியில் என் தந்தைக்குத் திரங்கானுவுக்கு மாற்றம் வந்தது. எனக்கு இழப்பில்லை, யு.பி.எஸ்.ஆர். தேர்வை எழுதி முடித்திருந்தேன். என் தங்கைக்கு அப்போது ஆறு வயது. அடுத்த ஆண்டு அவள் தேசியப் பள்ளியில் ஒன்றாம் ஆண்டில் சேர்ந்தாள். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, தேசியப் பள்ளியில் தாய்மொழி வகுப்பு நடத்த 15 மாணவர்களின் பெற்றோர் கேட்க வேண்டும். அவளுடைய பள்ளியில் தமிழ்ப் பிள்ளைகள் மொத்தம் மூவர். என் இடைநிலைப்பள்ளியிலும் அதே நிலைதான். நான் ஆறாண்டு தமிழ்ப்பள்ளியில் போட்ட அடித்தளத்தை வைத்துக்கொண்டு, பழைய பாடநூல்களின் துணையோடு எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் எழுதினேன். என் தங்கைக்கு அந்த அடித்தளமே கிடைக்கவில்லை. அம்மா இரவில் அவளுக்கு 'அ, ஆ' சொல்லிக்கொடுத்துப் பார்த்தார். வேலை முடிந்து வந்தவருக்கும் களைப்பு, அவளுக்கும் களைப்பு.

இந்த ஆண்டுமலரை நான் வீட்டுக்கு எடுத்துச் செல்வேன். அப்பா வாசிப்பார், அம்மா இரண்டு முறை வாசிப்பார். என் தங்கையால் வாசிக்க இயலாது. அவளைப் பற்றி நான் என்ன எழுதியிருக்கிறேன் என்று அவள் என்னைத்தான் கேட்க வேண்டும்.

"ஒரு சில குடும்பங்களுக்காக இவ்வளவா?" என்று சிலர் கேட்கக்கூடும். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். ஒரு சில குடும்பங்கள்தான் என்பதே என் வாதத்தின் அடிப்படை. பெரும் எண்ணிக்கையில் இருந்தால் வகுப்பு தானே வந்துவிடும். இன்னும் சிலர், "முகாமுக்குள் இனவாரியாகப் பிரிக்கலாமா?" என்று கேட்பார்கள். பிரிக்கச் சொல்லவில்லை. மாக் சிக் வீட்டில் வளர்ந்தவன் பிரிவினை கேட்பானா? எல்லா இனப் பிள்ளைகளுக்கும் ஒரே மையம் வேண்டும் என்றே கேட்கிறேன். அதே மண்டபத்தில் வாரம் இரண்டு மணி நேரம் தமிழ் ஒலித்தால் யாருக்கும் நட்டமில்லை.

என் கோரிக்கைகள் மூன்று. முதலாவது, பள்ளி முடிந்த பிறகு பிள்ளைகள் தங்கிப் படிக்கவும் விளையாடவும் ஒவ்வொரு பெரிய முகாமிலும் ஒரு மையம் வேண்டும். கட்டடங்கள் இருக்கின்றன; பயிற்சி பெற்ற பொறுப்பாளர்தான் தேவை. இரண்டாவது, தந்தையோ தாயோ பணிக்காக நெடுநாள் வெளியே இருக்கும் பிள்ளைகளை அந்த மையம் தனியே கவனிக்க வேண்டும். மூன்றாவது, தாய்மொழி வகுப்புக்கு 15 பேர் ஒரே பள்ளியில் இருக்க வேண்டும் என்று காத்திராமல், பல முகாம்களின் பிள்ளைகளை இணையம்வழி ஒரே வகுப்பாகச் சேர்க்க வேண்டும். 2020ஆம் ஆண்டு நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் நாம் அனைவரும் வீட்டிலிருந்தே படித்தோம். அன்று முடிந்தது இன்றும் முடியும்.

முதல் இரண்டும் அரசாங்கத்தின் கையில் உள்ளவை. மூன்றாவதைத் தொடங்க அரசாங்கம் வேண்டியதில்லை, நண்பர்களே. நாம் போதும். நம் கழகம் ஆண்டுதோறும் தோட்டப்புற மாணவர்களுக்கு முகாம் நடத்துகிறது. தமிழ்ப்பள்ளிகளில் தன்முனைப்புப் பட்டறை நடத்துகிறது. அது நல்ல பணி. ஆனால் தமிழ்ப்பள்ளிக்குள் இருக்கும் பிள்ளையையே நாம் திரும்பத் திரும்பத் தேடிப் போகிறோம். தமிழ்ப்பள்ளியே இல்லாத ஊரில், வேலிக்குள் இருக்கும் பிள்ளையை யார் தேடுவது? படைவீரர், காவல் துறையினர், சிறைக்காவலர் என்று சீருடைப் பணியிலுள்ள நம் குடும்பங்கள் நாடெங்கும் சிதறிக் கிடக்கின்றன. வார இறுதியில் ஒரு மணி நேரம், ஒரு மாணவருக்கு இரண்டு பிள்ளைகள் என்று எடுத்துக்கொண்டாலே போதும். படையிலும் காவல் துறையிலும் பணியாற்றும் நம் முன்னாள் மாணவர்கள் இருப்பின், அந்தக் குடும்பங்களை அடையாளம் காட்டி உதவலாம்.

வரும் விடுமுறையில் இதைத் தொடங்க நான் ஆயத்தமாக இருக்கிறேன். என் முதல் மாணவி யார் என்பதும் முடிவாகிவிட்டது. அவளுக்குப் பதினாறு வயது, கொஞ்சம் பிடிவாதக்காரி. அடுத்த ஆண்டுமலர் வெளிவரும்போது அதில் ஒரு பக்கத்தையாவது அவள் தானே வாசிக்க வேண்டும். என்னோடு கைகோர்க்க விரும்புவோர் கழகச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.