வலிக்கலையா? அப்போ காலைப் பாருங்க!

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப்போட்டுக்கிட்டே இருந்த விஷயம் மக்களே. இன்னிக்கு உட்கார்ந்துட்டேன்.

எங்க ஊர்ப்பக்கம் தைப்பூசம்னாலே பழனி நடைப்பயணம்தான். காரைக்குடி சுத்துவட்டார நகரத்தார் காவடியோட குன்றக்குடியில கூடி, சிங்கம்புணரி, நத்தம் வழியா பழனிக்கு நடப்பாங்க. காலில் செருப்பு கிடையாது. எங்க அப்பச்சியும் (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) வருஷம் தவறாம போறவர். கூடவே 15 வருஷமா சர்க்கரை.

ரெண்டு வருஷம் முன்னாடி நடந்து போயிட்டு வந்த மறுநாள், ஆத்தா தற்செயலா அவர் உள்ளங்காலைப் பார்த்திருக்காங்க. கட்டைவிரலுக்குக் கீழே ஒடிஞ்ச கருவேல முள்ளு. சுத்தி சீழ். போன்ல பதறிப்போய் கேட்டேன், "வலிக்கலையா அப்பச்சி?"

"வலியே இல்லப்பா. முருகன் பார்த்துக்கிட்டான்."

சந்தோஷமா வேற சொன்னார். அந்த வலி இல்லாததுதான் வியாதியேன்னு அப்போ எங்க யாருக்கும் தெரியாது.

மதுரையில ஒரு டாக்டர்கிட்ட கூட்டிப் போனோம். அப்பச்சியைக் கண்ணை மூடச் சொல்லிட்டு, ஒரு நைலான் இழையால பாதத்துல அங்கங்க தொட்டார். 10 கிராம் அழுத்தத்துல வளையற இழையாம் அது. ரெண்டு காலும் முடிஞ்சது. அப்பச்சி கண்ணைத் திறக்காமலே கேட்டார், "ஆரம்பிக்கலாம் டாக்டர்". எனக்குத் தொண்டை அடைச்சிருச்சு.

அதுக்கப்புறம்தான் தேடித் தேடிப் படிச்சேன். இந்த விஷயத்துல முக்கியமான ஆராய்ச்சி நடந்தது நம்ம வேலூர்ல! கொல்லிமலையில 1914ல பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946ல வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயாளிகளுக்கு விரல் ஏன் போகுதுங்கிறது அவரோட கேள்வி. சதை தானா அழுகி விழுதுன்னுதான் ஊரே நம்பிக்கிட்டிருந்தது. அவர் கண்டது வேற. நோய் நரம்பைக் கெடுக்குது, வலி போயிடுது. அப்புறம் சூடான பாத்திரம், ஆணி, வெட்டுக்காயம்னு ஒவ்வொண்ணா கையையும் காலையும் தின்னுது. ராத்திரி தூங்கும்போது எலி கடிச்சாக்கூட தெரியாது. அதுக்காகவே நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினாராம்.

இன்னொண்ணும் சொன்னார். அந்தச் சதை நம்ம சதை மாதிரியேதான் ஆறும், மறுபடி மறுபடி அடிபடாம பார்த்துக்கிட்டா போதும்.

சர்க்கரை முத்தினவங்க பாதத்துலயும் நடக்கிறது இதேதான். நீங்களும் நானும் பத்து மைல் நடந்தா கால் தானா விந்தும், விளிம்புல ஊனும், பாரத்தை மாத்தி மாத்திப் போடும். கெஞ்ச வைக்கிறதே வலிதான். உணர்ச்சி போன கால் அப்படிச் செய்யாது. ஆயிரம் தடவை அதே இடத்துல, அதே அழுத்தத்துல மிதிக்கும். முள்ளே குத்த வேணாம், வெறும் நடையே புண்ணாக்கிடும்.

பொட்டி தட்டுறவங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். சர்வர்ல எரர் வருது, ஆனா அலாரத்தை யாரோ அணைச்சு வெச்சிருக்காங்க. ஸ்கிரீன் முழுக்க பச்சை. நாமளும் 'எல்லாம் நல்லா ஓடுது'ன்னு டீ குடிக்கப் போயிடுவோம். பிராண்ட் பின்னாடி அமெரிக்காவுல செயற்கை அலாரமே செஞ்சு பார்த்தார். சென்சார் வெச்ச கையுறை. அழுத்தம் அதிகமானா சத்தம் வரும். நோயாளிகள் கண்டுக்கலை. ஷாக் அடிக்கிற மாதிரி மாத்தினார். அதை அணைச்சுட்டு வேலையைப் பார்த்தாங்க! கடைசியில கைவிட்டுட்டார். உடம்பு கொடுக்கிற வலிக்கு மாற்று இல்லை.

அப்போ மிச்சம் இருக்கிற ஒரே சென்சார் கண்ணு. நான் சொல்ல வர்றது இவ்வளவுதான்.

2023ல வந்த ஐ.சி.எம்.ஆர் ஆய்வுப்படி நாட்டுல 10 கோடிக்கு மேல சர்க்கரைக்காரங்க. அவங்களும்தானே நடக்கிறாங்க? நேர்த்திக்கடனை நான் குறை சொல்லலை. நானும் கல்லூரி முடிச்ச வருஷம் நடந்தவன்தான். ஆனா வழி நெடுக சாப்பாடு, மோர், தைலம் எல்லாம் கொடுக்கிற நல்ல மனசுக்காரங்க, தங்குற இடத்துல ஒரு டார்ச்சும் ஒரு கண்ணாடியும் வெச்சு ராத்திரி உள்ளங்காலைப் பார்த்துவிட்டா என்ன? சர்க்கரை உள்ளவங்க கிளம்புறதுக்கு முன்னாடி அந்த இழைச் சோதனையை எடுத்துக்கணும். உணர்ச்சி இல்லைன்னா செருப்பு இல்லாம நடக்கக் கூடாது. இதைச் சொல்றது பக்திக்கு விரோதமா? எனக்கு அப்படித் தோணலை.

அப்பச்சியோட புண் ஆற மூணு மாசம் ஆச்சு. மருந்தோட, அந்தக் காலுக்குப் பாரம் கொடுக்காம இருந்ததுதான் காப்பாத்துச்சு. இப்போ வீட்டுக்குள்ளயும் எம்.சி.ஆர் செருப்பு. மறுபடி நடக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். அதுக்கடுத்த தைப்பூசத்துக்குப் பஸ்ல கூட்டிப் போனேன். வழியெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பி, நடந்து போற காவடிகளையே பார்த்துக்கிட்டு வந்தார். என்கிட்ட பேசவே இல்லை.

அவர் கோபம் எனக்குப் பரவாயில்லை. கால் இருக்கு.

உங்க வீட்டுல சர்க்கரைக்காரங்க இருந்தா, இன்னிக்கு ராத்திரி அவங்க பாதத்தை ஒருதடவை பாருங்க. 'வலிக்குதா'ன்னு கேட்காதீங்க. பாருங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, வெறும் இன்ஜினியர். புண்ணு இருந்தா என் பதிவைப் படிச்சுக்கிட்டு இருக்காம ஆஸ்பத்திரிக்குப் போங்க :-)