புதிய ரயர் வாங்க முன்

கணவர் விட்டுச் சென்ற பழைய காரை வாடகைக்கு ஓடவிட்டுப் பிழைக்கும் சகோதரிகள் நம்மிடையே இருக்கிறார்கள். "போன வருடம் போட்ட ரயர், அதற்குள் தேய்ந்துவிட்டது" என்பது அவர்களிடம் அடிக்கடி கேட்கும் குறை. வீதியைக் குறை சொல்ல முன் காரின் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும்.

சில்லைத் தாங்கும் கைகள் காரின் உடலோடு சேரும் இடங்களில் 'புஷ்' எனப்படும் றப்பர் வளையங்கள் இருக்கின்றன. 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனரிலும் இவை உண்டு. வயதானால் றப்பர் வெடிக்கும். எஞ்சின் ஒயில் ஒழுகி ஊறினால் இன்னும் விரைவாகக் கெடும். பிறகு ஓடும்போது சில்லு தன் கோணத்தை விட்டு அசையும். பள்ளத்தில் விழும்போது 'டொக்' என்ற சத்தம், பிறேக் பிடிக்கையில் ஒரு பக்கம் இழுப்பு, இவை அறிகுறிகள். ரயரின் மேல் உள்ளங்கையைக் குறுக்காகத் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பும் மறு திசையில் கூர்மையும் தெரிந்தால் பெரும்பாலும் எலைன்மென்ட் பிழை.

புஷ் தேய்ந்திருக்க எலைன்மென்ட் மட்டும் செய்வது காசைக் கரைப்பதுதான். நின்ற இடத்தில் சரியாக்கிய கோணம் ஓட்டத்தில் நிலைக்காது. முதலில் புஷ், பிறகு எலைன்மென்ட், அதன் பிறகே ரயர்.

கராஜில் பெண் கேள்வி கேட்டால் சிலர் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். கழற்றிய பழைய புஷ்ஷைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இன்னொன்றையும் சொல்லி வையுங்கள்: றப்பர் புஷ்ஷின் போல்ட்டை, காரை ஜக்கிலிருந்து இறக்கி, பாரம் சில்லில் நிற்கும்போதே கடைசியாக இறுக்க வேண்டும். சில்லைத் தொங்கவிட்டு இறுக்கினால் றப்பர் முறுகி நின்று, புதியதும் விரைவில் கிழிந்துவிடும்.