காட்டுப்பள்ளியாரின் குடலும் சர்க்காரின் கடமையும்

குடலழற்சி வியாதி மேல்நாட்டாருக்கே உரியதென்று நெடுங்காலம் நம்பப்பட்டு வந்தது. பெருங்குடலைப் புண்ணாக்கும் வகை ஒன்று. வாய் முதல் குதம் வரை எங்கும் தோன்றக்கூடியதும், 1932-ல் நியூயார்க் வைத்தியர் கிரோன் முதலியோர் விவரித்ததுமான வகை மற்றொன்று. இரத்தமும் சீதமுமாய்ப் பேதி, வயிற்று வலி, மெலிவு ஆகியவை மாதக்கணக்கில் நீடிக்கும். க்ஷயம் குடலைத் தாக்கினாலும் இதே குறிகள் தோன்றுமாதலால், கிரோன் வியாதியஸ்தருக்கு க்ஷய மருந்து கொடுத்துக் காலம் கழிவதும் நம் நாட்டில் உண்டு.

பஞ்சாபிலுள்ள லூதியானாவில் வீடு வீடாகச் சென்று எடுத்த கணக்கு 2003-ல் வெளியாயிற்று. பெருங்குடல் புண் உடையோர் லக்ஷத்துக்கு 44 பேர்! பழைய நம்பிக்கை அத்துடன் தகர்ந்தது. இந்தியா முழுவதிலும் 1990-ல் சுமார் 1,30,000 ஆக இருந்த வியாதியஸ்தர் தொகை 2019-ல் சுமார் 2,70,000 ஆயிற்றென்பது சர்வதேச மதிப்பீடு.

ஜனத்தொகை பெருகியதும், வியாதியைக் கண்டறியும் வசதி வளர்ந்ததும் இதற்கு ஓரளவு காரணமாகலாம். ஆனால் ஆகாரமும் மாறிவிட்டதை யார் மறுப்பர்? 21 தேசங்களில் 1,16,000-க்கு மேற்பட்டோரைப் பல்லாண்டு கவனித்து 2021-ல் வெளியிட்ட ஆராய்ச்சியைப் பாருங்கள். ஆலையில் பக்குவமாகிப் பொட்டலத்தில் வரும் தின்பண்டங்களையும் பானங்களையும் நாள்தோறும் ஐந்து பங்குக்குக் குறையாமல் உட்கொள்வோருக்கு, ஒரு பங்கும் உட்கொள்ளாதாரைவிட இவ்வியாதி வரும் அபாயம் 82 சதவீதம் அதிகமாம். புகையிலை கிரோன் வியாதியை வளர்க்கிறது. குழந்தைப் பருவத்தில் கண்டபடி கொடுக்கும் கிருமிநாசினி மருந்துகள் மீதும் சந்தேகம் உண்டு.

‘ஆகாரத்தை மாற்றிக் கொள்ளுங்கள்’ என்று உபதேசிப்பது சுலபம். காட்டுப்பள்ளிச் செம்படவரிடம் அதை எந்த முகத்துடன் சொல்வது? கேழ்வரகுக் கூழும் கழிமுகத்து இறாலும் நண்டும் அவர்களுடைய ஆகாரம். கொசஸ்தலை ஆற்றில் அனல்மின் நிலையத்துச் சாம்பற் குழம்பு படிந்தது. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அப்பால் கப்பல்கள் மோதி எண்ணெய் பரவிற்று. 2023 டிசம்பர் வெள்ளத்தில் மணலி எண்ணெய் கழிமுகத்தையே மூடிற்று. வலையில் மீனில்லாத வீட்டார் கடைப் பொட்டலத்தை நாடினால் குற்றம் யாருடையது?

ஆலைப் புகையே இவ்வியாதிக்குக் காரணமென்று நாம் சாதிக்கவில்லை. நைட்ரஜன் டை ஆக்சைடு மிகுந்த இடங்களில் வசிக்கும் இளைஞரிடம் கிரோன் வியாதி அதிகமென்று 2010-ல் வெளியான ஆங்கில நாட்டு ஆராய்ச்சி கண்டது. எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தபோது அச்சம்பந்தம் காணப்படவில்லை. சாக்ஷியத்தை மிஞ்சித் தீர்ப்புக் கேட்பது வக்கீல் தொழில் பழகிய நமக்கு வழக்கமன்று. ஆனால் சாக்ஷியத்தைத் திரட்டாமலே வழக்கைத் தள்ளிவிடுவதும் நியாயமாகாது.

லூதியானாவில் நடந்தது ராயபுரம் முதல் காட்டுப்பள்ளி வரையிலும் நடக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் பேதியால் வருந்துவோரின் மலத்தைக் கால்ப்ரோடெக்டின் சோதனைக்கு அனுப்பி, சந்தேகமுள்ளோரை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் உள்நோக்குக் கருவியால் பரிசோதிக்கட்டும். வேலைக்குப் போகாத நாளின் கூலியையும் சர்க்கார் கொடுக்கட்டும். செலவுக்குப் பணம் வேண்டுமானால், ஆற்றில் சாம்பலும் எண்ணெயும் விட்டவர்களிடம் வசூலிக்கலாமே!